மோதலில் உலோகம் நசுங்குவதையும் உடைவதையும் கணினியில் கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

உலோகம் மோதி உடைவதைக் கணினியில் கொண்டுவர வருகிற பலரும் முதல் நாளே தகட்டைத் துளைக்க ஆசைப்படுகிறார்கள். குண்டு, தகடு, உடைவு மாடல் எல்லாம் ஒரே கோப்பில் ஏறிவிடும். ஓடும், படமும் வரும். விடை தப்பு என்று தெரியும்போதுதான் சிக்கல்: அலகில் தப்பா, மெஷ்ஷில் (உலோகத்தை எலிமென்ட் என்ற சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையில்) தப்பா, பொருள் எண்ணில் தப்பா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

இங்கே வரிசை வேறு. முதலில் ஒரு செம்புக் கம்பியை உடைவு இல்லாமல் சுவரில் மோதவிட்டு, நசுங்கிய வடிவத்தைச் சரியாகக் கொண்டுவருகிறோம். அது ஒத்துவந்த பிறகு உடைவைச் சேர்க்கிறோம். தகடு கடைசியில்தான். அலுப்பான வரிசையாகத் தோன்றும். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் திரும்பவும் கம்பிக்கே வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எக்ஸ்பிளிசிட் முறையில், அதாவது நேரத்தைச் சின்னச் சின்ன அடிகளாக நகர்த்தி, கணக்கிடும் ஒரு சால்வர் (கணக்கைப் போடும் மென்பொருள்) வேண்டும். எல்.எஸ்.-டைனா, அபாகஸ் எக்ஸ்பிளிசிட், 2022 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ரேடியாஸ், எதுவானாலும் சரி. கம்பிக் கணக்குக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.

தகைவு, திரிபு, வான் மிசெஸ் தகைவு, இழுவிசைச் சோதனையின் வரைபடம் ஆகியவை பழக்கமாக இருக்க வேண்டும். உண்மைத் திரிபுக்கும் பொறியியல் திரிபுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள். ஒன்பதாம் படியில் அது நிச்சயம் காலை வாரும்.

2. காகிதத்தில் முதல் கணக்கு

நாம் எடுத்துக்கொள்வது டெய்லர் மோதல் சோதனையின் பழகிய கணக்கு. ஆரம் 3.2 மி.மீ., நீளம் 32.4 மி.மீ. உள்ள செம்புக் கம்பி, நொடிக்கு 227 மீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் நேராக மோதுகிறது. அடர்த்தி கன மீட்டருக்கு 8930 கி.கி., மீள்தன்மைக் குணகம் 117 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.35. நெகிழத் தொடங்கும் தகைவு 400 மெகாபாஸ்கல், அதற்குப் பிறகு நேர்கோட்டு இறுக்கம் 100 மெகாபாஸ்கல்.

கணினியைத் திறக்கும் முன் மூன்று எண்களைக் கையால் போடுங்கள். கம்பியின் நிறை சுமார் 9.3 கிராம். இயக்க ஆற்றல் சுமார் 240 ஜூல். மீள் அலை கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 3620 மீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 9 மைக்ரோநொடி.

இந்த மூன்றும் பின்னால் காவல்காரர்கள். சால்வர் தரும் நிறை 9.3 கிராம் இல்லையென்றால் அலகோ வடிவமோ தப்பு. ஆற்றல் 240 ஜூல் இல்லையென்றால் வேகம் தப்பு. பின்முனை 9 மைக்ரோநொடிக்கு வெகு முன்பே வேகம் குறையத் தொடங்கினால் விறைப்போ அடர்த்தியோ தப்பு.

3. அலகுகளை ஒருமுறை முடிவுசெய்து எழுதி ஒட்டுங்கள்

சால்வர்கள் பெரும்பாலும் அலகு கேட்பதில்லை. நீங்கள் கொடுக்கும் எண்கள் தங்களுக்குள் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். நான் கிலோகிராம், மில்லிமீட்டர், மில்லிநொடி தொகுதியைச் சொல்வேன். இதில் விசை கிலோநியூட்டனில், தகைவு கிகாபாஸ்கலில், ஆற்றல் நேராக ஜூலில் வரும். வேகம் 227 என்றே இருக்கும். அடர்த்தி மட்டும் 0.00000893 ஆகும்.

டன், மில்லிமீட்டர், நொடி தொகுதியும் பரவலாக இருக்கிறது. அதில் தகைவு மெகாபாஸ்கலில் வருவது வசதி. ஆனால் வேகத்தை 2,27,000 என்று கொடுக்க வேண்டும். வழக்கமாகச் சறுக்குமிடம் இது. 227 என்று விட்டுவிட்டால் கம்பி நொடிக்கு 22.7 சென்டிமீட்டர் வேகத்தில் வந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பிப் போகும். வெப்ப ஏற்புத்திறனும் அந்தத் தொகுதியில் 383 இல்லை, 38,30,00,000.

4. பொருள் மாடல்: எளியதில் தொடங்கி ஜான்சன்–குக் வரை

முதல் ஓட்டத்துக்கு மேலே சொன்ன நேர்கோட்டு இறுக்க மாடலே போதும். இரண்டே எண்கள்தான், தப்பு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. இந்தக் கணக்கு 80 மைக்ரோநொடியில் கம்பி நீளம் சுமார் 21.4 மி.மீ., அடிப்பக்க ஆரம் 7 மி.மீ. சொச்சம் என்று வர வேண்டும். அது வந்த பிறகு ஜான்சன்–குக்குக்கு மாறுங்கள்.

ஜான்சன்–குக் மூன்று அடைப்புகளின் பெருக்கல். முதல் அடைப்பு, ஏ + பி × (திரிபின் என் அடுக்கு): நசுங்க நசுங்க உலோகம் இறுகுவது. இரண்டாவது, 1 + சி × (திரிபு வேக விகிதத்தின் இயல் மடக்கை): வேகமாக நசுக்கினால் கூடுதலாக எதிர்ப்பது. மூன்றாவது, 1 − (வெப்பநிலை விகிதத்தின் எம் அடுக்கு): சூடானால் இளகுவது. ஆக்சிஜன் நீக்கிய தூய செம்புக்கு 1983இல் ஜான்சனும் குக்கும் கொடுத்த எண்கள்: ஏ 90 மெகாபாஸ்கல், பி 292 மெகாபாஸ்கல், என் 0.31, சி 0.025, எம் 1.09, உருகுநிலை 1356 கெல்வின்.

இங்கே மூன்று இடங்களில் நிதானியுங்கள்.

முதலாவது, இந்தச் செம்பு மேலே சொன்ன 400 மெகாபாஸ்கல் செம்பு இல்லை. ஏ 90 என்பதே அது பதப்படுத்தி இளக்கிய செம்பு என்று சொல்கிறது. எண்களை மாற்றியதும் கம்பி வேறு நீளத்துக்கு நசுங்கும். அதைப் பார்த்து மாடல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பொருளின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, அதன் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொருவர் கட்டுரையிலிருந்து எண்களை எடுக்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள்.

இரண்டாவது, ஒப்பீட்டுத் திரிபு வேகம், அதாவது இரண்டாம் அடைப்பின் விகிதத்தில் வகுக்கும் எண். அந்த எண்கள் நொடிக்கு 1 என்ற அடிப்படையில் எடுக்கப்பட்டவை. உங்கள் நேர அலகு மில்லிநொடி என்றால் 0.001 கொடுக்க வேண்டும். ஒரு தம்பி இதை 1 என்றே விட்டுவிட்டு, கம்பி கூடுதலாக நசுங்குகிறதே என்று இரண்டு வாரம் மெஷ்ஷை மாற்றிக்கொண்டிருந்தான். நொடிக்கு 10,000 திரிபு வேகத்தில் சரியான பெருக்கல் 1.23, அவன் கோப்பில் அது 1.06. தகைவில் 14 சதவீதம் காணாமல் போயிருந்தது. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, கோப்பைத் திறந்து எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். பிளாஸ்டிக் வேலையில், அதாவது உலோகத்தை நிரந்தரமாக உருமாற்றச் செலவாகும் ஆற்றலில், 90 சதவீதம் வெப்பமாகிறது என்று கொள்வது வழக்கம். 80 மைக்ரோநொடியில் செம்பில் வெப்பம் பரவக்கூடிய தூரம் 0.1 மி.மீ. அளவுதான். அதனால் வெப்பக் கடத்தலை விட்டுவிடலாம். ஒவ்வொரு எலிமென்ட்டும் தன் வெப்பத்தைத் தானே வைத்துக்கொள்ளும். 240 ஜூலும் கம்பி முழுக்கச் சமமாகப் பரவினால் 60 டிகிரிதான் ஏறும். ஆனால் மோதிய முனையில் அது சில நூறு டிகிரியாகக் குவியும். உங்கள் வெப்பநிலைப் படம் ஒரே நிறமாக இருந்தால் வெப்ப ஏற்புத்திறனைச் சரிபாருங்கள்.

மோதல் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டரை நெருங்கினால் அழுத்தத்தை அடர்த்தியோடும் ஆற்றலோடும் இணைக்கும் தனி நிலைச் சமன்பாடு தேவைப்படும். நம் 227க்குத் தேவையில்லை.

5. மெஷ் போடுதல்

கம்பி சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் அச்சுச் சமச்சீர் இருபரிமாண மாடல் போதும். ஆரத்தில் 8 எலிமென்ட், நீளத்தில் 81 எலிமென்ட் போட்டால் ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. சதுரம். மொத்தம் 648தான். முப்பரிமாணம் வேண்டுமென்றால் கால் கம்பி எடுத்து இரண்டு வெட்டு முகங்களிலும் சமச்சீர் கட்டுப்பாடு வையுங்கள். நடு அச்சில் ஆப்பு வடிவ எலிமென்ட்டுகள் ஒரே புள்ளியில் கூடும்படி விடாமல், உள்ளே ஒரு சதுரக் கட்டம், வெளியே வளைவு என்று பிரித்துப் போடுங்கள். ஆப்புகள் நசுங்கினால் கணக்கு அங்கேதான் முதலில் திணறும்.

எதற்குச் சதுரத்தில் தொடங்குகிறோம்? மோதும் முனையில் எலிமென்ட்டின் உயரம் பல மடங்கு குறைந்து அகலம் விரியும். ஏற்கெனவே தட்டையாக இருப்பதை மேலும் தட்டையாக்கினால் டைம் ஸ்டெப் (சால்வர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு நேர அடியின் அளவு) அதல பாதாளத்துக்குப் போகும். சிலர் மோதும் திசையில் முதலிலேயே நீளமான எலிமென்ட்டுகளை வைப்பார்கள். அதுவும் நல்ல பழக்கம்தான்.

6. சுவர், வேகம், டைம் ஸ்டெப்

சுவருக்கு எலிமென்ட் வேண்டாம். சால்வரிலேயே இருக்கும் அசையாச் சுவரைப் பயன்படுத்துங்கள். உராய்வு முதலில் சுழியம், பிறகு 0.1 வைத்து ஒருமுறை ஓட்டி, அடிப்பக்க ஆரம் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வேகத்தை எல்லா நோடுகளுக்கும் (எலிமென்ட்டுகளின் மூலைப் புள்ளிகளுக்கும்) கொடுக்க வேண்டும். முன்முனைக்கு மட்டும் கொடுத்தால் கம்பி இழுபட்டு நீளும்!

டைம் ஸ்டெப்பைச் சால்வர் தானே போட்டுக்கொள்ளும், ஆனாலும் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் விரிய இடமில்லாத நிலையில் செம்பில் அலை வேகம் நொடிக்கு சுமார் 4590 மீட்டர். 0.4 மி.மீ. எலிமென்ட்டை அது 0.087 மைக்ரோநொடியில் கடக்கும். அந்த நேரத்தைத் தாண்டி அடி எடுத்து வைத்தால் கணக்கு வெடித்துவிடும், அதனால்தான் 0.9ஆல் பெருக்கிக் குறைக்கிறோம். 80 மைக்ரோநொடிக்கு ஆயிரம் அடி சொச்சம், எலிமென்ட் நசுங்க நசுங்க இன்னும் கூடும்.

வேகமாக ஓட வேண்டும் என்று நிறையைச் செயற்கையாகக் கூட்டும் வசதி சால்வர்களில் உண்டு. மெதுவான உருவாக்க வேலைகளுக்கு அது சரி. மோதலில் நிறைதான் விஷயமே, அதைத் தொடாதீர்கள்.

7. படத்தைப் பார்க்கும் முன் ஆற்றலைப் பாருங்கள்

ஓட்டம் முடிந்ததும் கை தானாக வண்ணப் படத்துக்குத்தான் போகும். போகட்டும், ஆனால் முதலில் ஆற்றல் வரைபடம்.

இயக்க ஆற்றல் 240இல் தொடங்கிச் சுழியத்துக்கு அருகில் இறங்க வேண்டும். உள் ஆற்றல் அதே அளவு ஏற வேண்டும். அசையாச் சுவர் எந்த வேலையும் செய்வதில்லை. உராய்வும் இல்லையென்றால் மொத்தக் கோடு கிடைமட்டமாக நிற்க வேண்டும். அது மேலே ஏறினால் எங்கோ ஆற்றல் உற்பத்தியாகிறது, அந்த விடையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அப்புறம் அவர்கிளாஸ் ஆற்றல். ஒரே ஒரு கணக்குப் புள்ளி உள்ள எலிமென்ட்டுகள் வேகமானவை. ஆனால் நடுப் புள்ளியில் எந்தத் திரிபும் இல்லாமலே மணற்கடிகாரம் போலக் கோணிக்கொள்ளும். அதைத் தடுக்கச் சால்வர் செயற்கையாக ஒரு விசை போடுகிறது. அந்த விசை தின்னும் ஆற்றல் உண்மையான உலோகத்தில் கிடையாது. உள் ஆற்றலில் அது 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10ஐத் தாண்டினால் தடுப்பு வகையை மாற்றுங்கள், அல்லது முழுக் கணக்குப் புள்ளிகள் உள்ள எலிமென்ட்டுக்குப் போங்கள். மெஷ்ஷைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அடிப்பக்க ஓரத்தில் எலிமென்ட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராகச் சாய்ந்து, கோணல்மாணலான பாய் முடைசல் போல இருந்தால் அதுதான் இது.

8. வடிவத்தை ஒப்பிடுங்கள், மெஷ்ஷைப் பாதியாக்குங்கள்

மூன்று அளவுகளைக் குறியுங்கள்: முடிவு நீளம், அடி ஆரம், நடுவில் எங்கே வீக்கம் தொடங்குகிறது என்பது. நீளம் மட்டும் ஒத்துப்போவது போதாது. தப்பான இறுக்க எண்ணும் தப்பான திரிபு வேக எண்ணும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சரியான நீளத்தைக் கொடுத்துவிடும். வீக்கத்தின் வளைவில்தான் அந்தக் குட்டு வெளிப்படும்.

இப்போது 0.2 மி.மீ. மெஷ்ஷில் அதே கணக்கை ஓட்டுங்கள். இருபரிமாணத்தில் எட்டு மடங்கு நேரம், முப்பரிமாணத்தில் பதினாறு மடங்கு. நீளம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அடிப்பக்க ஓரத்தின் உச்சத் திரிபு மட்டும் கூடும். இதை நன்றாக மனதில் வாங்குங்கள், அடுத்த படியின் தொல்லை எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

9. இப்போது உடைவு

ஜான்சன்–குக் உடைவு மாடல் 1985இல் வந்தது. ஒவ்வொரு அடியிலும் கூடும் பிளாஸ்டிக் திரிபை, அந்த நிலையில் உலோகம் தாங்கக்கூடிய திரிபால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை 1ஐத் தொட்டால் எலிமென்ட் நீக்கப்படும்.

தாங்கக்கூடிய திரிபு எதைப் பொறுத்தது? முக்கியமாக டிரையாக்சியாலிட்டியை, அதாவது சராசரித் தகைவை வான் மிசெஸ் தகைவால் வகுத்த எண்ணை. எளிய அமுக்கத்தில் அது −1/3, சறுக்குப் பெயர்ச்சியில் 0, எளிய இழுப்பில் 1/3. காடி வெட்டிய கம்பியை இழுத்தால் இன்னும் மேலே. அது கூடக் கூட உள்ளே நுண்துளைகள் வேகமாக வளரும், உலோகம் சீக்கிரம் உடையும்.

சமன்பாடு இது: உடைவுத் திரிபு = டி1 + டி2 × (இயல் மடக்கையின் அடிமானம் இ-யின், டி3 × டிரையாக்சியாலிட்டி அடுக்கு). 4340 எஃகுக்குப் போட்டுப் பாருங்கள். டி1 0.05, டி2 3.44, டி3 −2.12. திரிபு வேகம், வெப்பம் இரண்டையும் தள்ளிவைத்தால், 0இல் உடைவுத் திரிபு 3.49, 1/3இல் 1.75; 1இல் 0.46. ஒரே எஃகு, ஏழு மடங்கு வித்தியாசம். 'உடைவுத் திரிபு இவ்வளவு' என்று ஒற்றை எண்ணைப் போடுவது ஏன் தப்பு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

டி3இன் குறியில் ஒரு பொறி இருக்கிறது. மூலச் சமன்பாட்டில் அது பெரும்பாலும் குறை எண். அபாகஸில் சமன்பாட்டுக்குள்ளேயே ஒரு கழித்தல் குறி இருப்பதால் அங்கே கூட்டல் எண்ணாகக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இந்த எஃகுக்கு எளிய இழுப்பில் 1.75க்குப் பதில் 7.02 வரும். எதுவும் உடையாது, சால்வரும் எச்சரிக்காது. ஒரே ஒரு எலிமென்ட்டை இழுத்து, அது எந்தத் திரிபில் மறைகிறது என்று பார்த்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தப் புது உடைவு மாடலுக்கும் இந்த ஒற்றை எலிமென்ட் சோதனையைச் செய்யாமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை.

இன்னொரு அடிக்கடி வரும் தப்பு, இழுவிசைச் சோதனை அறிக்கையில் உள்ள நீட்சிச் சதவீதத்தை உடைவுத் திரிபாகக் கொடுப்பது. 20 சதவீதம் என்பது அளவு நீளம் முழுவதன் சராசரி. உடைவு நடப்பதோ கழுத்து ஒடுங்கிய இடத்தில். உடைந்த இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பிடித்து, கழுத்தின் விட்டத்தை வெர்னியரால் அளங்கள். 6 மி.மீ. கம்பி கழுத்தில் 4 மி.மீ. ஆகியிருந்தால் அங்கே திரிபு 2 × மடக்கை(6/4) = 0.81. ஒரே துண்டு, 0.2க்கும் 0.81க்கும் நடுவே நான்கு மடங்கு.

சரி, எண் கிடைத்துவிட்டது. அது எந்த மெஷ்ஷுக்குச் சொந்தம்? எட்டாம் படியில் பார்த்தது இங்கே கடிக்கும். மெஷ் சிறியதானால் உச்சத் திரிபு கூடும், எலிமென்ட் சீக்கிரம் நீங்கும். ஒன்று நீங்கியதும் பக்கத்து எலிமென்ட்டில் தகைவு குவிந்து அதுவும் நீங்கும். மெஷ்ஷைப் பாதியாக்கினால் விரிசலுக்குச் செலவாகும் ஆற்றலும் குறைந்துகொண்டே போகும். அதனால் காடி வெட்டிய கம்பிச் சோதனையை, உண்மைக் கணக்கில் பயன்படுத்தப்போகும் அதே எலிமென்ட் அளவில் ஓட்டி, அந்த அளவுக்கு எண்ணைப் பொருத்துங்கள். காடி இல்லாத வழவழப்பான கம்பி, இரண்டு வெவ்வேறு காடி ஆரங்கள், ஒரு சறுக்கு மாதிரி: இந்த நான்கும் இருந்தால் டி1, டி2, டி3க்கு ஓரளவு உறுதி வரும்.

இனிக் கம்பிக்குத் திரும்புங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினால் அடிப்பக்கம் காளான் போல விரிந்து, சுற்றளவுத் திசையில் இழுபட்டு, ஓரத்தில் விரிசல் தொடங்கும். அமுக்கத்தில் இருக்கும் நடுப்பகுதியில் எலிமென்ட் மறைந்தால் சந்தேகப்படுங்கள். டிரையாக்சியாலிட்டி −1/3க்குக் கீழே போனால் உடைவை நிறுத்திவைக்கும் வரம்பு பல சால்வர்களில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

10. கடைசியில் தகடு

ஒப்பிட நல்ல அளவீடு உள்ள கணக்கையே எடுங்கள். நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் பொர்விக் குழு செய்த சோதனைகள் இதற்கு ஏற்றவை. 12 மி.மீ. தடிமனுள்ள வெல்டாக்ஸ் 460 இ எஃகுத் தகடு, 20 மி.மீ. விட்டமும் 197 கிராம் எடையும் உள்ள கடின எஃகுக் குண்டு. தகடு துளைபடத் தொடங்கும் வேகம் தட்டை முனைக்கு நொடிக்கு 184.5 மீட்டர், கூம்பு முனைக்கு 290.6, அரைக்கோள முனைக்கு 292.1.

கூர்முனைதான் சுலபமாகத் துளைக்கும் என்று நினைப்போம். இங்கே தட்டை முனைதான் சுலபம். அதன் விளிம்பு ஒரு மெல்லிய வளையத்தில் தகட்டைச் சறுக்கி வெட்டுகிறது. அந்த வளையம் சூடாகி இளகி, தக்கை போல ஒரு துண்டைத் தள்ளிவிடுகிறது. உங்கள் மாடல் கூம்புக்குக் குறைந்த வேகம் கொடுத்தால், இந்தச் சறுக்கு வளையத்தை மெஷ் பிடிக்கவில்லை என்று பொருள். அந்த வளையம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அங்கே 0.25 மி.மீ. எலிமென்ட், அதாவது தடிமனில் 48, போடுங்கள். தொலைவில் மெல்லப் பெரிதாக்குங்கள்.

கைக்கணக்கு இங்கேயும் உண்டு. தள்ளப்படும் தக்கை ஏறத்தாழ 30 கிராம். குண்டின் நிறையை இரண்டின் கூட்டு நிறையால் வகுத்தால் 0.87. ரெக்ட்–இப்சன் சூத்திரப்படி, மோதல் வேக வர்க்கத்திலிருந்து துளைப்பு வேக வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 0.87ஆல் பெருக்கினால் வெளிவரும் வேகம். 300இல் மோதினால் 206 வரும். உங்கள் ஓட்டம் 280 என்று சொன்னால் தகடு சீக்கிரமே அழிந்துவிட்டது.

நீக்கப்பட்ட எலிமென்ட்டுகளின் மொத்த நிறையையும் பாருங்கள். அது தக்கையின் நிறையோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிட்டால், குண்டு தகட்டை வெட்டவில்லை, சால்வர்தான் தகட்டை அழித்து வழிவிட்டிருக்கிறது. எலிமென்ட் நீங்கும்போது உள்ளே இருக்கும் முகங்கள் புதிய மேற்பரப்பாக, குண்டும் தகடும் தொடுவதைக் கவனிக்கும் தொடர்புக் கணக்கில் சேர வேண்டும். அந்த வசதியைப் போடாவிட்டால் குண்டு காற்றில் போவது போலத் தகட்டுக்குள் போகும்.

11. முடிவைச் சேமிக்கும்போது

ஒவ்வொரு ஓட்டத்தோடும் ஒரு சிறு உரைக்கோப்பு வையுங்கள்: அலகுத் தொகுதி, எலிமென்ட் அளவு, எலிமென்ட் வகை, அவர்கிளாஸ் தடுப்பு, உராய்வு, பொருளின் நிலை, ஒப்பீட்டுத் திரிபு வேகம், டி எண்கள் எந்தச் சோதனையிலிருந்து எந்த மெஷ்ஷுக்குப் பொருத்தப்பட்டவை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் உங்கள் டி எண்களை மட்டும் எடுத்து 1 மி.மீ. மெஷ்ஷில் போடுவார். அவர் கண்ணில் படும்படி, எண்களுக்குப் பக்கத்திலேயே '0.25 மி.மீ.க்கு மட்டும்' என்று எழுதிவையுங்கள்.